‘டீச்சர்’ என்றால் என்னைத்தானா?

கேள்வி: எனக்கு வயது 28. தென்காசிப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். இது மூன்றாம் ஆண்டு. எம்.எஸ்சி., பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் தேறி வந்தவள். இன்னமும் யாராவது ‘டீச்சர்’ என்று கூப்பிட்டால் ஒரு நொடி கழித்துத்தான் திரும்புகிறேன். வகுப்பில் வாயைத் திறந்தால் எனக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்த சாரின் குரல்தான் வருகிறது. போன மாதம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் ‘ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்’ என்பதை ‘ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்’ என்று மூன்றாவது முறையாக எழுதினான். எல்லார் முன்னாலும் ‘மக்கு’ என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லும் அந்த சாருடையதுதான். வீட்டுக்கு வந்து அழுதேன். தலைமை ஆசிரியரோ என் வகுப்பு சத்தமாக இருக்கிறது, கண்டிப்பு போதாது என்கிறார். கூடப் படித்தவர்கள் ஐ.டி.யில் இருக்கிறார்கள். அவர்களிடம் என் வேலையைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவளாகவே இருக்கிறேன். நான் ஆசிரியராகப் பிறக்கவில்லையோ? வேறு வேலைக்குப் போவதுதான் நேர்மையா?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

இப்படித்தான் கூப்பிடப் போகிறேன். ஒரு நொடி கழித்துத் திரும்பினாலும் பரவாயில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் பிள்ளைகள் ‘சார்’ என்றால் எனக்குப் பின்னால் ஹெச்.எம். நிற்கிறாரோ என்று பார்த்தவன் நான்.

முதலில் அந்தப் பையன். உங்களைப் பற்றி நிதானமாகப் பேசலாம், அவன் விஷயம் அவசரம். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் திருப்பி எடுக்க வேண்டும். “அன்னைக்கு உன்னை அப்படிச் சொன்னது என் தப்பு. நீ அப்படி எழுதினதுக்கு ஒரு காரணம் இருக்கு, அது என்னன்னு இன்னைக்குப் பார்க்கப் போறோம்.” அவ்வளவு போதும். பிரசங்கம் வேண்டாம். கண்ணீர் வேண்டவே வேண்டாம். நீங்கள் அழுதால் அவன் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். இப்படியெல்லாம் செய்தால் பயம் விட்டுப்போகும் என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொல்வார்கள். முப்பத்து நாலு வருஷம் பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலும் இருந்திருக்கிறேன், மன்னிப்புக் கேட்டு மரியாதை இழந்த ஆசிரியர் ஒருவரையும் பார்த்ததில்லை.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. டெட்டுக்குப் படித்தபோதே இதை மனப்பாடம் செய்திருப்பீர்கள். மனப்பாடமாகத் தெரிந்தும் வாய் முந்திக்கொள்கிறது. ஏன்?

டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975-இல் ஒரு கணக்குச் சொன்னார். பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒரு பிள்ளை ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களோடு கழிக்கிறது. அங்கத்திய கணக்கு அது, நம் ஊரில் முன்னே பின்னே இருக்கலாம். வேறு எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு முன்பயிற்சி கிடையாது. டாக்டராகப் போகிறவர் பன்னிரண்டு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எம்.பி.பி.எஸ். சேர்வதில்லை. நாம் மட்டும்தான் பார்த்துப் பார்த்து ஊறிப்போய் வேலைக்கு வருகிறோம். ஆனால் பெஞ்சிலிருந்து பார்த்தது பாதிதான். தோல்பாவைக்கூத்தில் திரைக்கு முன்னால் இருப்பவருக்குப் பாவை ஆடுவது தெரியும், பின்னால் இருப்பவர் எந்தப் பாவையை எதற்கு எடுத்தார், எதை எடுக்கப் போய்க் கீழே வைத்தார் என்பது தெரியாது. உங்கள் கணக்கு சார் திட்டியதை நீங்கள் பார்த்தீர்கள். முந்தின நாள் ராத்திரி அவர் என்ன தயார் செய்தார், திட்டிவிட்டுப் போய் அவரும் வருந்தினாரா என்பதைப் பார்க்கவில்லை. அதனால் அவரிடமிருந்து உங்களுக்கு வந்து சேர்ந்தது குரல் மட்டும்.

இந்தப் பக்கம் பி.எட்.டைப் பாருங்கள். 2015-இலிருந்து அது இரண்டு வருஷப் படிப்பு. அதில் பள்ளிக்குள் இருப்பது இருபது வாரம். அதிலும் பாதி நாள் சார்ட் ஒட்டவும் ரெக்கார்ட் எழுதவும் போயிருக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு எதிரே இருபது வாரம். கோபத்தில் எது முதலில் வாய்க்கு வரும் என்று நினைக்கிறீர்கள்?

என் கதையைச் சொல்கிறேன். 1989, சாத்தூருக்குத் தெற்கே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். தீப்பெட்டி ஊர். பிள்ளைகள் காலையில் வரும்போதே விரல் நுனியில் பசை காய்ந்திருக்கும். வீட்டில் பெட்டி ஒட்டுவார்கள். 144 பெட்டி ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கு. நான் மதுரைக்கு வடக்கேயிருந்து போனவன், இதெல்லாம் எனக்கு வேடிக்கை.

நாலாம் வகுப்புக்குக் கழித்தல். 503-இலிருந்து 267. எனக்குச் சின்ன வயதில் சொல்லித்தந்த வாத்தியாரின் பாட்டை அப்படியே எடுத்துவிட்டேன். “மூணுல ஏழு போகாது, பக்கத்து வீட்டுல கடன் வாங்கு. பக்கத்து வீட்டுல பூஜ்யம், அவங்களே இல்லாதப்பட்டவங்க. அப்ப அதுக்கும் அடுத்த வீட்டுக்குப் போ.” வகுப்பே சேர்ந்து பாடும். என் குரல் எனக்கே பிடித்திருந்தது. அப்போது ஒரு பெண் குழந்தை எழுந்து, “சார், வாங்குன கடன எப்ப சார் திருப்பிக் குடுக்கணும்?” என்றாள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

நான் எதையும் யோசிக்கவில்லை. என் வாத்தியாரிடம் இப்படிக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்குமோ அதையே செய்தேன். “குதர்க்கமா பேசுற? நில்லு” என்றேன். மணி அடிக்கிறவரை நின்றாள்.

சாயங்காலம் கதவைப் பூட்டும்போது கூட வேலை பார்த்த டீச்சர் சொன்னார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். “அந்தப் புள்ள வீட்டுல ஏஜென்ட்டுகிட்ட முன்பணம் வாங்கிட்டு அடைக்க முடியாம கெடக்காங்க தம்பி. அதான் மத்ததுங்க சிரிச்சிருக்கும்.”

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவளை நிற்க வைத்தது உறுத்தியது. ஆனால் உண்மையைச் சொன்னால், அதைவிட உறுத்தியது வேறொன்று: அவள் கேட்டதற்கு எனக்கு விடை தெரியாது. கழிக்கத் தெரியும். அது ஏன் ‘கடன்’, கடன் என்றால் ஏன் யாரும் திருப்பித் தரவில்லை என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

மறுநாள் பிள்ளைகளிடம் சொல்லி மருந்து முக்காத குச்சி கொண்டு வரச் சொன்னேன். அந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. பத்துப் பத்தாக நூலால் கட்டினோம். பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. ஐந்து பெரிய கட்டு, மூன்று உதிரிக் குச்சி தரையில். ஏழு குச்சி எடுக்க வேண்டும், மூன்றுதான் இருக்கிறது. சின்னக் கட்டும் இல்லை. அந்தப் பெண்தான் முன்னால் வந்தாள். ஒரு பெரிய கட்டை எடுத்துப் பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தாள்; பத்துச் சின்னக் கட்டு விழுந்தது. அதில் ஒன்றைப் பிரித்து உதிரியோடு சேர்த்தாள். பதின்மூன்று. ஏழு குச்சியை எடுத்துவிட்டு, மீதி ஒன்பது சின்னக் கட்டில் ஆறையும், நாலு பெரிய கட்டில் இரண்டையும் தள்ளினாள். 236. பிறகு என்னைப் பார்த்து, “இது கடன் இல்ல சார். கட்டுப் பிரிக்கிறது” என்றாள்.

அதற்குப் பிறகு கழித்தலில் நான் ‘கடன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியதில்லை. பின்னால் பயிற்சி நிறுவனத்துக்கு வந்து, ஆசிரியராகப் போகிறவர்களுக்குப் பாடம் எடுத்தபோதும் அவர்களை அந்தச் சொல்லைச் சொல்ல விட்டதில்லை. என் பணிப்பதிவேடு 1989 ஜூனிலேயே என்னை ஆசிரியர் என்று எழுதிவிட்டது. நான் எனக்குள் அப்படிச் சொல்லிக்கொண்டது அந்தக் குச்சிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான். அதுவும் முழுதாக இல்லை. மறு வாரமே வாய்ப்பாட்டில் பழைய வாத்தியார் திரும்பி வந்துவிட்டார். ஒரு சொல்லைத்தான் என்னுடையதாக்கியிருந்தேன். இப்படிச் சொல் சொல்லாக, பாடம் பாடமாகத்தான் அது நடக்கிறது. என்றைக்கோ ஒரு நாள் காலையில் எழுந்திருக்கும்போது ஆசிரியராக எழுந்திருப்போம் என்று காத்திருந்தீர்கள் என்றால், அப்படி ஒரு காலை எனக்கு வரவில்லை.

அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் அப்போது என்னிடம் கிடையாது. அதனால்தான் உங்களுக்கு அதை முதலில் எழுதினேன்.

சரி, உங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வருவோம். அந்தப் பையன் மக்கு இல்லை. ஒரு விதியை ரொம்ப நன்றாகப் பிடித்துக்கொண்டவன். அடைப்புக்குறிக்கு வெளியே 2 இருந்தால் அது உள்ளே இருக்கும் இரண்டு பேருக்கும் போகும் என்று யாரோ சொல்லித்தந்திருக்கிறார்கள். ‘வெளியே இருப்பது உள்ளே எல்லாருக்கும்’ என்று அவன் எடுத்துக்கொண்டான். மேலே இருந்த வர்க்கத்தையும் பந்தியில் பரிமாறுவது மாதிரி ஆளுக்கொன்று வைத்துவிட்டான். சூத்திரத்தை இருபது முறை இம்போசிஷன் எழுதச் சொன்னால் நாளைக்குச் சரியாக எழுதுவான், அரையாண்டில் பழையபடி எழுதுவான். ஏனென்றால் அவனுடைய காரணத்தை யாரும் தொடவில்லை.

கிராஃப் தாள் கொடுங்கள். பக்கத்துக்கு 5 கட்டம் வைத்து ஒரு சதுரம் போடச் சொல்லுங்கள். மேல் பக்கத்தை 3, 2 என்று பிரித்து ஒரு கோடு, இடது பக்கத்தையும் அப்படியே பிரித்து ஒரு கோடு. இப்போது ஒரு மூலையில் 9 கட்டம், அதன் எதிர்மூலையில் 4 கட்டம். “நீ எழுதினது இது ரெண்டும்தானே? கூட்டு.” 13. “மொத்தக் கட்டம் எத்தனை?” 25. “மீதி எங்கே போச்சு?” இதற்கு மேல் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. கஷ்டம்தான். விடை நம் நாக்கு நுனியில் துடிக்கும். பத்து நொடி, இருபது நொடி. அவனே விரலை வைப்பான், மிச்சம் கிடக்கிற இரண்டு பட்டைகளில். பட்டைக்கு ஆறு ஆறாகப் பன்னிரண்டு கட்டம். ‘டூ ஏ பி’ என்பது அதுதான்.

உங்கள் ஐ.டி. தோழிகளுக்கும் இந்தச் சூத்திரம் தெரியும். உங்களைவிட வேகமாகக்கூடப் போடலாம். ஆனால் பதினாலு வயதுப் பையன் அதை ஏன் தப்பாக எழுதுகிறான், அந்தத் தப்பு எந்தப் பழைய பாடத்திலிருந்து முளைத்தது, எந்தப் படத்தைக் காட்டினால் அது கழலும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இது பாட அறிவும் இல்லை, எல்லாப் பாடத்துக்கும் பொதுவான கற்பிக்கும் முறையும் இல்லை, ஆசிரியருக்கென்றே இருக்கிற தனி அறிவு என்று 1986-இல் லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் எழுதினார். அவர் சொல்வதற்கு முன்னும் நல்ல ஆசிரியர்களிடம் அது இருந்தது, பெயர்தான் இல்லை. உங்கள் குரல் இறங்குவதற்கு ஒரு காரணம், ‘மேத்ஸ் டீச்சரா இருக்கேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் என்று சந்தேகப்படுகிறேன். அடுத்த முறை அந்தப் பன்னிரண்டு கட்டத்தைச் சொல்லிப் பாருங்கள்.

பிறவியைப் பற்றிக் கேட்டீர்கள். இது பழைய சந்தேகம். நன்னூலில் பவணந்தி முனிவர் நல்லாசிரியருக்கு இலக்கணம் சொல்லும்போது பட்டியலை ‘குலன்’ என்றுதான் தொடங்குகிறார். பயிற்சி நிறுவனத்தில் அந்த நூற்பா வரும்போதெல்லாம் அந்த முதல் சொல்லோடு சண்டை போட்டிருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டிலேயே முதல் பட்டதாரி. குலத்தில் வாத்தியார் இல்லாதவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். ஆனால் அதே பவணந்தியார் பாடம் சொல்லும் முறையைப் பேசும்போது, கேட்பவன் எப்படி வாங்கிக்கொள்வானோ அந்த வகையறிந்து கொடுக்க வேண்டும் என்கிறார். ‘கொள்வோன் கொள்வகை அறிந்து’. அந்தப் பையன் பந்தி பரிமாறியதை நாம் கண்டுபிடித்தோமே, அது இந்த வேலைதான். இது குலத்தில் வராது. ஆசிரியர் ஆகாதவருக்கு அவர் சொல்லும் உவமைகளில் ‘மடற்பனை’ ஒன்று. கருக்கு மட்டையோடு நிற்கிற பனை, யாரையும் ஏறவிடாது. என் முதல் இரண்டு வருஷம் எனக்கு அது ரொம்பப் பொருத்தம்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு காரியம் செய்தேன். எத்தனை வாக்கியம் உங்களைப் பற்றியது, எத்தனை அந்தப் பையனைப் பற்றியது என்று எண்ணினேன். அவனுக்கு ஒன்றே ஒன்று. குறையாகச் சொல்லவில்லை, மூன்றாம் வருஷத்தில் எல்லாருடைய கடிதமும் இப்படித்தான் இருக்கும். கால் ஊன்றாதபோது பார்வை காலில்தான் இருக்கும். சுவிட்சர்லாந்தில் ஆசிரியர்களின் பணிவாழ்வை ஆராய்ந்த மைக்கேல் ஹூபர்மன், முதல் மூன்று வருஷத்தைத் தாக்குப்பிடிப்பதும் புதிதாகக் கண்டுகொள்வதும் கலந்த காலம் என்றார். நிலைகொள்வது நாலாம் வருஷம் வாக்கில். அப்புறம் பத்துப் பதினைந்து வருஷம் கழித்துச் சிலருக்கு ‘இதற்காகவா வந்தேன்’ என்று மறுபடி ஒரு தடவை வரும் என்றும் சொன்னார். பயமுறுத்தச் சொல்லவில்லை. எனக்கும் வந்தது, போனது.

இப்போது செய்யக்கூடிய காரியம் ஒன்று. பி.எட்.டில் மார்க்குக்காக எழுதிய ‘ரெஃப்லெக்டிவ் ஜர்னல்’ ஞாபகம் இருக்கிறதா? அதை மறந்துவிடுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு சம்பவம், நாலு வரி. பிள்ளை என்ன சொன்னது, நான் என்ன சொன்னேன், அது யார் குரல், அடுத்த முறை என்ன சொல்வேன். மூன்றாவது வரிதான் முக்கியம். சில நாள் உங்கள் கணக்கு சார், சில நாள் உங்கள் அம்மா, சில நாள் ஹெச்.எம். எழுத எழுத ஒன்று தெரியவரும்: அந்த சாரிடமிருந்து வந்த எல்லாமே கழிக்க வேண்டியதில்லை. ‘மக்கு’ அவருடையது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் கணக்கு உங்களுக்குப் பிடித்ததற்கும் அவர் காரணமாக இருக்கலாமே? போர்டை நாலாகப் பிரித்து எழுதுவாரோ, ஒரே கணக்கை இரண்டு வழியில் போட்டுக் காட்டுவாரோ, என்னவோ. அது இருக்கட்டும், வைத்துக்கொள்ளுங்கள். என் வாத்தியாரின் கடனை விட்டேனே தவிர, பாட்டை விடவில்லை. ‘கட்டைப் பிரி, கட்டைப் பிரி’ என்று வேறு மெட்டில் பாடிக்கொண்டிருந்தேன்.

அந்த நோட்டை யாருக்கும் காட்ட வேண்டாம். பள்ளித் தகவல்களை ஏற்றுகிற எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டாம். எமிஸ், பாடக்குறிப்பேடு, தேர்ச்சி விழுக்காடு எல்லாம் நிர்வாகத்துக்குத் தேவை, செய்துதான் ஆக வேண்டும். அதில் உங்களைத் தேடாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து, மதியச் சாப்பாட்டை யாரோடு சாப்பிடுகிறீர்கள்? சிரிக்காதீர்கள். ஸ்டாஃப் ரூமில் இரண்டு மேசை இருக்கும். ஒன்றில் பேச்சு டி.ஏ., டிரான்ஸ்ஃபர், ‘நம்ம பிள்ளைங்களுக்கு வராது டீச்சர்’. இன்னொன்றில் யாராவது ஒருவர் ‘இன்னைக்கு எட்டாம் வகுப்புல ஒருத்தன் என்ன கேட்டான் தெரியுமா’ என்று தொடங்குவார். உங்கள் பள்ளியில் இரண்டாவது மேசையே இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் பக்கத்துப் பள்ளிக் கணக்கு டீச்சர் ஒருவரைப் பிடியுங்கள், சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டத்தில் பார்த்தவராகக்கூட இருக்கட்டும். ஆசிரியர் தனியாக ஆவது கிடையாது. அக்கா அன்று கதவைப் பூட்டிக்கொண்டே அந்த ஒரு வரியைச் சொல்லாமல் போயிருந்தால் நான் குச்சி வரைக்கும் வந்திருக்க மாட்டேன்.

என்னை மாற்றிய இன்னொரு கூட்டம் பள்ளிக்கு வெளியே கிடைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், படிக்காத பெரியவர்களுக்கு எழுத்தறிவு தர அறிவொளி இயக்கம் வந்தபோது சாயங்கால வகுப்பு எடுக்கப் போனேன். எதிரே காடுகரை வேலை முடித்து வந்த பெண்கள். பிள்ளைகள் அலுத்தால் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் எழுந்து போய்விடுவார்கள். “அடுப்புல உலை வச்சிட்டு வந்தேன் சார்” என்பார்கள், உலையும் இருக்காது ஒன்றும் இருக்காது. கண்டிப்பு என்ற ஆயுதமே இல்லாமல் ஓர் ஆளை முக்கால் மணி நேரம் உட்கார வைப்பது எப்படி என்று அங்கேதான் படித்தேன்.

மூத்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கிற பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றது. எட்டாம் வகுப்பு வரை எடுப்பவர்களுக்கான தீர்ப்பு. இருபது வருஷம் பாடம் நடத்தியவர் கையில் திடீரென்று கைடு. சட்டத்தின் சரி தவறைப் பேச இது இடமில்லை. ஆனால் ‘நீ ஆசிரியர்தானா’ என்ற கேள்வி அவருக்கு இப்போது வெளியிலிருந்து வருகிறது, உங்களுக்கு உள்ளிருந்து வருகிறது. அப்படி ஒருவர் உங்கள் பள்ளியிலும் இருக்கலாம். நீங்கள் டெட் தேறியவர். அவருக்கு உளவியல் பகுதியில் உதவுங்கள். பதிலுக்கு அவர் வகுப்பில் ஒரு பீரியட் கடைசி வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். சூத்திரங்களைக் கவனிக்காதீர்கள், அது உங்களுக்கே தெரியும். பதில் தப்பாக வந்ததும் அவர் முகம் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

ஹெச்.எம். விஷயம். வகுப்புச் சத்தத்தில் இரண்டு வகை உண்டு. வராந்தாவில் நடப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். அவரோடு வாதாட வேண்டாம். முந்தின நாளே போய், “சார், நாளைக்கு மூணாவது பீரியட் ஒன்பதாம் வகுப்பு கிராஃப் தாள்ல கூட்டமா உக்காந்து செய்யப் போறாங்க, கொஞ்சம் சத்தம் இருக்கும், முடிஞ்சா வந்து பாருங்க” என்று சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்ன சத்தத்துக்கு மதிப்பே வேறு. வரவும் மாட்டார், அது வேறு கதை. கண்டிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. நோட்டைத் திருத்திச் சொன்ன நாளில் திருப்பித் தருவது, சொன்ன பரீட்சையைச் சொன்ன நாளில் வைப்பது, இதெல்லாம் கண்டிப்புதான். முதலில் நமக்கு.

கடைசியாக, வேறு வேலைக்குப் போவதா என்பது. போவது பாவமில்லை. சம்பளத்துக்கு வேலை பார்ப்பதும் பாவமில்லை. எல்லாரும் சம்பளத்துக்குத்தான் வேலை பார்க்கிறோம். ‘புனிதப் பணி’ என்று மேடையில் மாலை போடுகிறவர்கள் அதைச் சொல்லித்தான் நம்மைச் சம்பள உயர்வு கேட்கவிடாமல் செய்வார்கள். ஆனால் முடிவை மார்ச், ஏப்ரலில் எடுக்காதீர்கள். பரீட்சைக் காலத்தில் நானே நாலு முறை ராஜினாமாக் கடிதம் எழுதிக் கிழித்திருக்கிறேன். ஜூனில் புது வகுப்பு வந்த பிறகு, நோட்டு ஒரு முப்பது பக்கம் நிரம்பிய பிறகு உட்கார்ந்து யோசியுங்கள். அப்போது ஒரே ஒரு கேள்வி: வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ‘இன்னைக்கு ஒருத்தன் என்ன செஞ்சான் தெரியுமா’ என்று யாரிடமாவது சொல்லத் தோன்றிய நாள் எத்தனை? வருஷத்தில் ஒன்றுகூட இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள், வேறு வழிகளைப் பேசலாம். அழுத நாளை நான் அந்தக் கணக்கில் எதிராக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஐந்து மணிக்கு மறந்துவிடும் வேலையாக இருந்திருந்தால் அழுதிருக்க மாட்டீர்கள்.

கிராஃப் தாள் வாங்கும்போது வகுப்பின் எண்ணிக்கைக்கு மேல் பத்துத் தாள் சேர்த்து வாங்குங்கள். முதல் தாளில் பாதிப் பேர் 5 கட்டத்துக்குப் பதிலாக 5 கோடு எண்ணிச் சதுரம் சின்னதாகிவிடும். அந்தப் பையன் மீதிக் கட்டத்தைக் காட்டும்போது என்ன சொன்னான் என்பதை அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள்.